மாடு வழுக்கிய தரை

என் இரண்டு கண்கள் மேல் சத்தியமாக, இங்கே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இடது கண்ணில் போன வருஷம் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அந்த லென்ஸையும் சேர்த்தே சத்தியம் செய்கிறேன். இவ்வளவு பெரிய சத்தியம் எதற்கு என்றால், கறம்பக்குடி டீக்கடையில் போய் இந்தச் சேவுகன் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்துப் பாருங்கள். "அவரு சொல்றதுல பாதியக் கழிச்சிருங்க. மீதிய டீயக் குடிச்சிட்டு யோசிப்போம்" என்பார்கள். இதில் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனக்குத் தரைகளைப் பார்ப்பது பிடிக்கும். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் போனால் சுவரைப் பார்க்கிறார்கள், டிவியைப் பார்க்கிறார்கள், அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கிறார்கள். நான் குனிந்து தரையைப் பார்ப்பேன். பணிவான மனிதன் என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

எங்களுடையது பாலிஷ் கான்கிரீட் தரை போடும் தொழில். எங்களுடையது என்றால் என் மகன் திருமுருகனுடையது. டைல்ஸ் வேண்டாம், கிரானைட் வேண்டாம். போட்ட கான்கிரீட்டையே மெஷினால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிடுவோம். வீடு, துணிக்கடை, ஹோட்டல் எது என்றாலும் சரி. முதலில் சொரசொரப்பான கல்லை மாட்டி ஓட்டுவது, அப்புறம் அதைவிட நைஸான கல், அப்புறம் அதையும்விட நைஸ். நடுவில் ஒரு மருந்து ஊற்றினால் கான்கிரீட் அதைக் குடித்து இறுகிக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகு மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. அவ்வளவுதான் தொழில்.

அதில் என் வேலை என்னவென்றால், நான் எடை. திருமுருகன் முதலில் வாங்கியது பழைய மெஷின். தரையை அழுத்திப் பிடிக்காமல் காலைக் கட்டிப்போட்ட சேவல் மாதிரித் துள்ளும். மேலே கருங்கல்லைக் கட்டிப் பார்த்தான், உருண்டு விழுந்தது. மணல் மூட்டையை வைத்தான், கிழிந்து கொட்டியது. "அப்பா, செத்த ஏறி ஒக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். மெஷின் அடங்கியது. அதன் பிறகு இந்த மாவட்டத்தில் நான் உட்கார்ந்தபடியே சுற்றிவராத வீடு குறைவு. கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீன் குடோனில் தேய்க்கும்போது அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தால் எதிரே கடல், பக்கத்தில் படகுகள். மெஷின் என்னையும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. வயர் நீளமாக இருந்ததால் வந்த வினை.

தரையின் பளபளப்பைப் பற்றி நான் சொல்லக்கூடாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நார்த்தாமலைப் பக்கம் ஒரு வீட்டில் கூரையில் இருந்த பல்லி, கீழே இன்னொரு பல்லி இருக்கிறது என்று குதித்துவிட்டது. அதே வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வெட்கத்தில் தலையைக் குனிந்தவன், பெண்ணைத் தரையிலேயே முழுசாகப் பார்த்து முடித்து, நிமிராமலே சம்மதம் சொன்னான். இன்றைக்கு இரண்டு பிள்ளைகள். அந்தத் தரையைப் போட்டது யார் என்று அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வருஷம் திருமுருகன் கடன் வாங்கிப் புது மெஷின் எடுத்தான். அதற்கு வேண்டிய எடை அதற்குள்ளேயே இருக்கிறது. "இனிமே நீங்க சும்மா ஒக்காந்திருந்தாப் போதும்பா" என்றான். அதற்கு முன்னாலும் நான் உட்கார்ந்துதான் இருந்தேன். இப்போது சும்மா உட்கார வேண்டும். வித்தியாசம் சின்னதுதான். பழகுவதற்கு நாளாகிறது.

முழுக்கச் சும்மா என்றும் சொல்ல முடியாது. ஒரு வேலை கொடுத்தான். புதுமனை புகுவிழா அன்று மாடு வரும் வழியில் கோணிச் சாக்கு விரிப்பது.

புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கட்டினவனே காலை வைக்க வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் இப்போது வீடு கட்டுகிற யாரிடமும் மாடு இல்லை. அதனால் எங்கள் பக்கம் எல்லாரும் மூக்காயியைத் தேடிப் போவார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்; அவளுக்கு இருந்தது ஒரு செவலைப் பசு. பவுனு என்று பேர். பால் ஊற்றுவதும், முகூர்த்த நாளில் அதைக் கூட்டிக்கொண்டு புது வீடுகளுக்குப் போவதும்தான் பிழைப்பு. அதை வைத்துத்தான் மகள் சத்யபிரியாவைப் புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகத் தெரியும்.

பவுனு சாதாரண மாடு இல்லை. உள்ளே போனதும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்க்கும். சமையல்கட்டை எட்டிப் பார்க்கும். வாஸ்து சரியில்லை என்றால் பெருமூச்சு விடும். கீரனூரில் அது விட்ட பெருமூச்சைப் பார்த்து ஒருவர் தலைவாசலையே பெயர்த்துத் தள்ளி வைத்தார். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஈசானி மூலையில் போய் நிற்கும். ஐயர் மணியடித்ததும் வாலைத் தூக்கிக் கோமியம் விடும். புது வீட்டுக்குள் பசு கோமியம் விட்டால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை. மற்ற மாடுகளுக்குப் பின்னால் சொம்பும் கையுமாகச் சொந்தபந்தமே காத்துக் கிடக்கும். பவுனு யாரையும் காக்கவைத்ததில்லை.

அதற்கு மாலை போடுவார்கள். கொம்புக்குப் பூச்சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, அகத்திக்கீரை ஊட்டிவிடுவார்கள். வீடியோக்காரர் அதன் முகத்துக்கு நேராக லைட்டைப் பிடிப்பார். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பவுனு இருக்கும். அதன் காலுக்குக் கீழே, நாங்கள் நாள் கணக்கில் தேய்த்த தரை, சாக்குக்கு அடியில் இருக்கும். எனக்கு மூன்றாம் பந்தியில் இடம் கிடைக்கும்; பாயசம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மாட்டின் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வேறு மாதிரிப் பேசக்கூடாது.

என் பயமெல்லாம் கோமியத்தைப் பற்றித்தான். பாலிஷ் கான்கிரீட்டுக்குப் புளிப்பும் காரமும் ஆகாது. எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் நசுக்கின இடம் செத்துப்போகும். கோமியம் அதைவிட மோசம். முன்பு ஒரு வீட்டில் பவுனு விட்ட கோமியம் சாக்கில் ஊறி, அது சாயங்காலம் வரை அப்படியே கிடந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் தரையில் கறை. சாதாரணக் கறை இல்லை. மீசை, வழுக்கை எல்லாம் சேர்ந்து வீட்டுக்காரருடைய செத்துப்போன மாமனார் முகம். அந்த வீட்டம்மா உடனே பூவைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் இன்றுவரை அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறார். திருமுருகனுக்கு அந்தத் தெருவில் அப்புறம் வேலை வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த அறிவுச்செல்வன் கறம்பக்குடிக்கு வெளியே வீடு கட்டினார். கூடம் மட்டுமே ஒரு வாலிபால் மைதானம் இருக்கும். அதற்குத் திருமுருகன் போட்ட தரை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் அவன் போட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்தில் காக்கா உட்கார்ந்தால் கூடத்துக்குள் தெரியும். விழாவுக்கு என்ஜினீயர் ஜெரால்டு வருவதாக இருந்தது. புதுக்கோட்டையில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். தரை பிடித்தால் மண்டபம் முழுவதும் திருமுருகனுக்கு. பிடிக்காவிட்டால் புது மெஷினை வங்கிக்காரர்கள் வந்து ஓட்டிப் பார்ப்பார்கள்.

"மாடு வர்ற வழியில சாக்கு மட்டும் ஒழுங்கா விரிச்சிருங்கப்பா. அந்தத் தரையில மாடு நிக்காது" என்று முந்தின நாளே திருமுருகன் சொன்னான்.

அன்று சாயங்காலம் நேரம் சொல்வதற்காக மூக்காயி வீட்டுக்குப் போனேன். பவுனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றது.

"வாங்கண்ணே. என்ன இங்கிட்டு? மெஷினு எறக்கி விட்டுருச்சாமே."

"அதுக்கு என் எடை தாங்கலை தாயி."

"ஒங்க பேச்சுல இருக்க எடை தாங்கலன்னு சொல்லுங்க."

காலை ஏழரைக்கு வந்துவிடச் சொன்னேன். சரி என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"தரை ரொம்ப வழவழன்னு இருக்காமேண்ணே. அங்க வேல பாத்த பொண்ணுங்க சொல்லுச்சுங்க. இது நிக்குமா? எனக்கு இத விட்டா வேற என்ன இருக்கு."

"சாக்கு விரிச்சிருப்பேன். என் பொறுப்பு."

"அப்பச் சரி. நீங்க இருக்கையில எனக்கென்ன."

கிளம்பும்போது ஒரு சொம்பு கோமியம் கேட்டேன். வீட்டில் தெளிக்க வேண்டும் என்றேன். பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வீட்டுல தெளிச்சது போக மிச்சத்த ஒங்க வாயில தெளிச்சுக்கங்க. பொய்யாவது கொறையும்."

மறுநாள் விடிந்ததும் போய்ச் சாக்கு விரித்தேன். வாசற்படியிலிருந்து ஈசானி மூலை வரை, மடிப்பில்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. நான் விரிக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விரித்தேன்.

ஏழு மணிக்கு ஜெரால்டு வந்தார். பசு போகாத வீட்டுக்குள் வேலையாட்களைத் தவிர யாரும் போகக்கூடாது என்பதால் வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"தரை எங்க பெரியவரே? கோணிதான் தெரியுது."

நான் போய் எல்லாவற்றையும் சுருட்டினேன். காலை வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்த நேரம். அவர் குனிந்தார். தரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"யாரு போட்டது?"

"என் மகன் திருமுருகன்."

"நீங்க?"

"நான் சாக்கு விரிக்கிறவன்."

அவர் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

சுருட்டிய சாக்குகள் என் கையில் இருந்தன. அப்போதுதான் யோசித்தேன். சாக்கை விரித்தால் பவுனு தைரியமாக உள்ளே போகும். போனால் மூலையில் நிற்கும். நின்றால் மணியடிப்பார்கள். மாமனார் முகத்தை ஒரு தடவை பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். சாக்கு இல்லாவிட்டால்? மாடு குனிந்து பார்க்கும். கீழே இன்னொரு மாடு தெரியும். மிரண்டு வாசலிலேயே நின்றுவிடும். வாசலிலேயே கற்பூரம் காட்டி, வீட்டைச் சுற்றி ஒரு நடை கூட்டிப்போய் அனுப்பிவிடுவார்கள். மூக்காயிக்குக் கொஞ்சம் பேர் கெடும். அது ஆறிவிடும். தரைக் கறை ஆறாது. ஒரு தகப்பன் இப்படி யோசிப்பதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை.

பந்தலுக்குப் பக்கவாட்டில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சாக்குகளை அடுக்கினேன். நல்ல உயரம் வந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தார். வெளிக்கேட்டில் ஜெனரேட்டரோடு போராடிக்கொண்டிருந்த திருமுருகன் தூரத்திலிருந்தே கேட்டான்.

"அப்பா, சாக்கு?"

"ஆச்சுப்பா."

ஏழரைக்கு மூக்காயி வந்தாள். பவுனுக்கு மாலை, கன்றுக்குச் சின்ன மாலை. நாதஸ்வரம் பிடித்துக்கொண்டது. அறிவுச்செல்வன் பட்டு வேட்டியோடும், அவர் மனைவி நிறைகுடத்தோடும் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் நின்றது. நான் இருந்த இடத்திலிருந்து தலைவாசல் நன்றாகத் தெரிந்தது. புது லென்ஸ்.

நான் நினைத்தபடியே நடந்தது. பவுனு வாசற்படியில் தலையை வைத்தது, குனிந்து பார்த்தது, நின்றுவிட்டது. மூக்காயி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாக்கு விரிக்கலியா? அண்ணன் விரிச்சிருப்பேன்னு சொன்னாரே. அண்ணே! சேவுகண்ணே!"

நாதஸ்வரச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. காபியில் ஆடை படர்ந்திருந்தது. அதை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"நேரம் போகுது, உள்ள கூட்டிக்கிட்டுப் போம்மா" என்று யாரோ பெரிய மனிதர் அதட்டினார்.

"தரை வழுக்கும் போல இருக்குங்க. ஒரு துணியாவது..."

"புது வீட்டு வாசல்ல மாடு நின்னா நல்லாவா இருக்கு?"

"என் மாடு எங்கயும் நின்னதில்லீங்க" என்றாள் மூக்காயி. ஆனாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பவுனும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கற்பூரத்தை வாசலுக்கே கொண்டுவந்திருப்பார்கள். என் கணக்கில் நான் கன்றுக்குட்டியைச் சேர்க்கவில்லை.

அதற்கு என்ன தெரியும். யாரோ பின்னாலிருந்து தட்டியதும் துள்ளி உள்ளே ஓடியது. நாலு காலும் நாலு பக்கம் போக, வயிற்றால் சறுக்கிக்கொண்டே கூடத்தின் நடுவில் போய் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். வீடியோக்காரர் லைட்டை அதன் மேல் திருப்பினார். அது எழுந்திருக்க முடியாமல் அம்மா என்று கத்தியது.

பவுனு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது.

முன்னங்கால் இரண்டும் சரியாகத்தான் விழுந்தன. பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விலகின. பச்சை வாழைமட்டையை நாரோடு பிளக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது வந்தது. நாதஸ்வரம் நின்றுவிட்டதால் தெளிவாகக் கேட்டது. பவுனு எழுந்திருக்கப் பார்த்தது. தரைக்குள் தெரிந்த பசுவும் எழுந்திருக்கப் பார்த்தது. இரண்டும் எழவில்லை. திரும்பத் திரும்ப முன்னங்காலை ஊன்றி முகவாய்க்கட்டை தரையில் அடிபட விழுந்தது. மாலை அறுந்து பூவெல்லாம் சிதறியது. மூக்காயி ஓடிப்போய் அதன் தலையை மடியில் தூக்கி வைக்கப் போனாள்; அவளும் வழுக்கி விழுந்தாள். விழுந்த வாக்கிலேயே தவழ்ந்து போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பவுனு கோமியம் விட்டது. யாரும் மணியடிக்கவில்லை. கூடத்தின் நடுவில் அது ஓடிப் பரவியது. அறிவுச்செல்வனின் மாமியார் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாக்கு கொண்டாங்க! சாக்கு எங்கடா?" என்று கத்தினார்கள்.

நான் எழுந்து கொடுத்தேன். சூடாக இருந்தன.

"நல்லவேள, பெரியவரு பத்திரமா வச்சிருந்தாரு" என்றார் ஒருவர்.

அந்தச் சாக்குகளின் மேல் உருட்டித்தான் பவுனை வெளியே இழுத்தார்கள். கன்றை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். திருமுருகன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், வீடியோக்காரர் தரை தெரியட்டும் என்று எடுக்கச் சொன்னார், எடுத்தேன் என்று. வீடியோக்காரர் திருச்சி ஆள், சாயங்காலமே போய்விட்டார். இன்றுவரை அவருக்கு இது தெரியாது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இடுப்பு விட்டுப்போச்சு, இனிமேல் நிற்காது என்றார். சில நாள் கொட்டிலில் படுத்திருந்தது. மூக்காயி புரட்டிப் புரட்டிப் போட்டாள், வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். கன்று படுத்திருக்கிற தாயிடம் பால் குடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சாயங்காலம் கேரளாவுக்குப் போகிற வண்டி ஒன்று அவள் வீட்டு வாசலில் நின்றது. நான் அந்தப் பக்கமாகப் போக வேண்டியிருந்தது, போகவில்லை.

அதன் பிறகு மூக்காயியை யாரும் விழாவுக்குக் கூப்பிடுவதில்லை. புது வீட்டில் மாட்டை விழவைத்தவள் என்று ஆகிவிட்டது. சத்யபிரியா படிப்பை நிறுத்திவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். உட்கார விடமாட்டார்கள் போல. அந்தக் கடைத் தரையும் நாங்கள் போட்டதுதான், நல்ல தரை. போன மாதம் திருமுருகனோடு அங்கே போயிருந்தபோது என்னைப் பார்த்தவள் சிரிக்கவில்லை.

"மாமா, அந்த வீடியோ நானும் பாத்தேன். சாக்க எடுக்கச் சொன்னாருன்னு சொன்னீங்கள்ல, அது எந்த எடத்துல வருது?"

"அது வெட்டிட்டாங்க போல, தாயி" என்றேன். அவள் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கல்யாண மண்டப வேலை திருமுருகனுக்குத்தான் கிடைத்தது. மாடே நிற்க முடியாத தரை என்று ஊரெல்லாம் பேச்சாகி, இப்போது ஆட்கள் அப்படிச் சொல்லியே கேட்கிறார்கள். "அந்த மாடு வழுக்குன தரை போடுவாகளே, அவுக நம்பர் குடுங்க." கட்டிய கடனை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

மூக்காயி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அண்ணே, மாட்டுக் கொளம்பு பட்டு அந்தத் தரையில கீறல் விழுந்திருச்சாமே. என்ன தேச்சாலும் போகலையாம்ல. அதுக்கு மேல கம்பளம் போட்டு வச்சிருக்காகளாம். கன்னுக்குட்டிய நான் புடிச்சிருக்கணும். என் தப்புதான். எதுவும் மனசுல வச்சுக்காதீக."

நான் மன்னித்தேன். எதுவும் நினைக்காதே தாயி, நடந்தது நடந்துபோச்சு என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு தினமும் கன்றுக்குட்டிக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொண்டுபோய்ப் போடுகிறேன். அது என் கையை நக்கும். நான் நல்லவன் என்று மூக்காயி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கையால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கரண்டி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். கைநடுக்கம் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். டீக்கடையில் சொன்னேன். சாக்கின் மேல் உட்கார்ந்தே ஒரு மாட்டைக் கொன்றேன் என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எடைதான தாத்தா ஒங்க தொழிலு!" என்றான் ஒருவன். இன்னொருவன் எனக்கு டீ சொன்னான்.

மூக்காயியிடமும் சொன்னேன். கீரையைப் போட்டுவிட்டு, ஒன்றுவிடாமல், காபி ஆடை வரைக்கும். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். வண்டி வந்துபோன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒரு சொம்புக் கோமியம் குடுத்தும் ஒங்க வாயி சுத்தமாகலையேண்ணே" என்றாள்.

அந்தச் சிரிப்பை அவளிடமிருந்து எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உங்களிடம், கண்ணின் மேல் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறேன். பவுனை விழவைத்தது கன்று இல்லை, மூக்காயி இல்லை, வீடியோக்காரரும் இல்லை. விரித்த சாக்கைச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்த நான்தான். கூப்பிட்டது காதில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை. காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கோமியம் பட்டால் தரை கறைபடும், கறைபட்டால் என் மகன் பிழைப்பு போய்விடும். அந்த ஒரு பயத்தில் செய்தது. வேறு எதுவும் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் மூக்காயி கொடுத்த அந்தச் சொம்புக் கோமியத்தை நான் எங்கள் வீட்டில் தெளிக்கவில்லை; அன்று ராத்திரியே அறிவுச்செல்வன் வீட்டுக் கூடத்தில் ஊற்றி, காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, துடைத்துப் பார்த்தேன், புதுப் பூச்சு போட்ட அந்தத் தரையில் ஒரு பொட்டுக் கறைகூடப் படவில்லை.